உடையாத தட்டுகளின் கழகம்

அக்ஜெவிஸ் ஊரில் துப்பாக்கி வாங்குவது சுலபம், தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம். வாங்க அரசாங்கத்தின் அனுமதி போதும். மருத்துவர் கண்ணைப் பார்ப்பார், காதைப் பார்ப்பார், மனசு நிலையாக இருக்கிறதா என்று நாலு கேள்வி கேட்பார். எட்டாம் நாள் தாள் கைக்கு வந்துவிடும். தேர்ந்தெடுப்பதற்கோ அக்ஜெவிஸ் வேட்டைக்காரர், தட்டுச் சுடுவோர் கழகத்தின் தேர்வு வாரியம் கூடியாக வேண்டும். வாரியம் ஒப்புக்கொள்ளாத புதுத் துப்பாக்கி கழக மைதானத்துக்குள் நுழையக் கூடாது. மண்தட்டை ஆகாயத்தில் எறிகிற பொறி அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த ஒரு மைதானத்தில்தான் இருந்தது.

ரொட்டிக்கடை ஷெவ்கெத் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் வாரியத்தின் முன்னால் போய் நின்றதில்லை. அப்பா விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கியே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. இலையுதிர் காலத்தில் திராட்சைத் தோட்டங்களுக்குக் காடை வந்து இறங்கும்போது நாலைந்து சுடுவான். ஒன்றை வீட்டுக்கு வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுவான். அவன் கடை வாசலில் ஒரு கூடை தொங்கும். வசதியுள்ளவர்கள் ஒரு ரொட்டிக்கு இரண்டாக வாங்கி ஒன்றை அதில் போட்டுவிட்டுப் போவார்கள், இல்லாதவர்கள் எடுத்துக்கொள்வார்கள். யாராவது கூடைப் பக்கம் வருவது தெரிந்தால் ஷெவ்கெத் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். அடுப்பில் அப்படிப் பார்க்க ஒன்றும் இருக்காது.

அவனை வாரியத்தின் முன்னால் நிறுத்தியவன் துர்சுன்.

துர்சுன் என்றால் 'இருக்கட்டும்' என்று பொருள். முன்னால் பிறந்த இரண்டும் தங்காமல் போக, மூன்றாவதுக்கு அவனுடைய தாய் வேண்டிக்கொண்டு வைத்த பெயர். அவனும் அறுபது வருடம் குறைவில்லாமல் இருந்தான். முப்பது வருடமாக ஷெவ்கெத்துக்கு வேட்டைத் துணை. கழகத்துக்கு மைதானம் அமைத்தபோது தட்டெறியும் பொறியைத் தன் டிராக்டரில் கட்டி மலை மேல் இழுத்து வந்தவன் அவன்தான். இந்த வசந்த காலத்தில் ஒரு நாள் காலைத் தொழுகைக்குக் கை கால் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். இடது பக்கம் போய்விட்டது. பேச்சில் பத்துப் பதினைந்து சொற்கள் மிச்சம். அக்டோபர் கடைசித் திங்கட்கிழமை மகள் அய்செல் இஸ்மீர் நகரத்திலிருந்து கார் கொண்டு வந்து அப்பாவையும் அம்மாவையும் அழைத்துப் போவதாக முடிவாகியிருந்தது. நாலாவது மாடி வீடு. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. அவள் செய்வது சரிதான். அதனால்தான் ஷெவ்கெத்தால் யாரிடமும் வருத்தப்பட்டுக்கொள்ள முடியவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் போய் துர்சுனுக்குச் சவரம் செய்துவிடுவான். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, கன்னத்தில் நுரையோடு துர்சுன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஒரு... தட்டு."

"என்னடா தட்டு? பசிக்குதா?"

துர்சுன் இல்லையென்று தலையை ஆட்டினான். வலது கைச் சுட்டுவிரலை நீட்டி, தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு வளைவு வரைந்தான். விரலை மடக்கினான். "டப்."

அவன் மனைவி ஜெமிலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒரு வாரமா இதையேதான் கேக்குறாரு அண்ணே. அவரோட துப்பாக்கிய நடுவுல மடக்கித் தொறக்கவே ரெண்டு கை வேணும். எங்க போறது ரெண்டு கைக்கு?"

ஷெவ்கெத் சவரத்தை முடித்து, முகத்தைத் துடைத்து, நேராகத் துப்பாக்கி செய்கிற சாலிஹ் உஸ்தாவின் பட்டறைக்குப் போனான்.

உஸ்தா என்றால் கைதேர்ந்த தொழிலாளி. அவர் எல்லாவற்றையும் கேட்டார். சுவரிலிருந்து இரண்டு அரைத் தானியங்கிகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது எலேசு. தோள்ல மாட்டிக்கிட்டு மலை ஏறலாம், பாரமே தெரியாது. ஆனா உதையை வச்சுத்தான் வேலை செய்யும். தோளு கெட்டியா நின்னு வாங்கிக்கணும். துர்சுன் தோளு நிக்காது. சின்னத் தோட்டா போட்டா பாதியில மாட்டிக்கும்." அதை ஒதுக்கினார். "இது கொஞ்சம் கனம். வெடிக்கிற காத்துல ஒரு துளி திருடி, அதை வச்சே பூட்டைப் பின்னால தள்ளுது. திருடினது போக மிச்சந்தான் தோளுக்கு வரும். குழல் எழுபத்தொரு சென்டிமீட்டர். தட்டுக்கும் போதும், நீ தோட்டத்துல காடைக்குத் தூக்கிட்டுப் போனா கொடியில இடிக்கவும் இடிக்காது."

"ஒரு கையால முடியுமா உஸ்தா?"

உஸ்தா இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். துப்பாக்கியின் முன்பக்கத்தை ஒரு மூட்டை மேல் சாய்த்தார். குழலின் பின்வாயை மூடுகிற பூட்டு பின்னால் போய்த் திறந்து நின்றிருந்தது. வலப்பக்க ஜன்னலில் ஒரு வெற்றுத் தோட்டாவைப் போட்டார். கீழே ஒரு பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினார். சளக்கென்று பூட்டு மூடியது. "சுட்டா அதுவே வெறும் தோட்டாவைத் துப்பிட்டு, மறுபடியும் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும். இப்பக் கண்ண மூடித் தோள்ல வை. தொற. குழல் நுனியில குறி பாக்கற மணி தெரியுதா?"

"தெரியுது."

"அவ்வளவுதான் தேர்ந்தெடுக்கிறது. உனக்குச் சரியா இருந்தா அவனுக்கும் சரியா இருக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு கழுத்து."

பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அரசாங்கத்துக்கு எட்டு நாள் ஆனது. அதன் பிறகு ஷெவ்கெத் வாரியத்துக்குப் போனான்.

வாரியம் செவ்வாய்க்கிழமைகளில் கூடும். தலைவர் முஹித்தின், நிலப்பதிவு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். பதினொரு வருடமாகத் தலைவர். செயலாளர் நெஜ்மி, கழக முத்திரையைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பவர். தொழில்நுட்ப நிபுணர் ரெம்ஸி, குளியலறை ஓடு வியாபாரி. இவர்களுக்குத் தேநீர் கொண்டுவருகிறவன் ஹிதிர். மைதானத்தின் காவலும், பொறிக்கு வருடாவருடம் எண்ணெய் விடுவதும், வாசல் பதிவேடு எழுதுவதும் அவனே. அவன் கொண்டுவரும் கண்ணாடிக் கோப்பைகளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஆரஞ்சு நிற மண்தட்டுகள் இருக்கும். சுடுவதற்கான தட்டுகள்தான். பல வருடம் முன்னால் வந்த ஒரு பெட்டியில் விளிம்பு லேசாகத் தேய்ந்திருந்ததால் பதிவேட்டில் 'வந்து சேரவில்லை' என்று எழுதிவிட்டார்கள். வந்து சேராத பொருளைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை, தூக்கி எறியவும் வழியில்லை. ஹிதிர் கழுவித் தேநீருக்கு வைத்துக்கொண்டான்.

மற்றத் தட்டுகள், முறையாக வந்து சேர்ந்தவை, பன்னிரண்டு பெட்டி, இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தன. ஞாயிறுதோறும் அவற்றில் இருபத்தைந்தை எடுத்து மைதானத்தில் ஒரு மேசை மேல் அடுக்குவார்கள். உறுப்பினர்கள் வரிசையில் நின்று, "எறி!" என்று கத்தித் துப்பாக்கியை உயர்த்துவார்கள். ரெம்ஸி, "பட்டதாகக் கொள்ளப்படுகிறது," என்பார். பிறகு தட்டுகளை எண்ணி உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். கழகத்தில் எல்லோருமே இருபத்தைந்துக்கு இருபத்தைந்து எடுப்பவர்கள். இரண்டு பேருக்கு மாகாண அளவில் கேடயம் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரையும் போயிருந்தது.

முதல் செவ்வாயில் நெஜ்மி விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"பயன்பாடு... 'தட்டு, இலேசான வேட்டை'ன்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு எலேசு?"

"காடைங்க. சின்னப் பறவை."

"எடை?"

"நூறு கிராம் இருக்கும்."

"இருக்கும்னா எப்படி? சுட்டப்பறமா நிறுத்தீங்களா, முன்னாடியா?"

"முன்னாடி எப்படிங்க நிறுக்கறது? பறந்துக்கிட்டுல்ல இருக்கும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒத்துக்கறீங்க," என்றார் முஹித்தின் மெதுவாக. "எடை தெரியாமலே சுடறீங்க. எழுதிக்கோ நெஜ்மி." அது எழுதப்பட்டதோடு அந்த வாரம் முடிந்தது.

இரண்டாம் செவ்வாயில் ரெம்ஸி துப்பாக்கியை மேசை மேல் நீளவாக்கில் வைக்கச் சொன்னார்.

"அரை ஆட்டோமேட்டிக்னு போட்டிருக்கீங்க. சரி. எந்தப் பாதி?"

"புரியலைங்க."

"இதுல புரியாதது என்ன இருக்கு? அரைன்னா பாதி. பாதி ஆட்டோமேட்டிக், பாதி இல்ல. இல்லாத பாதி எதுன்னு தெரியாம நாங்க எப்படிக் கையெழுத்துப் போடறது? நாளைக்கு இல்லாத பாதியால ஒருத்தன் சுட்டுட்டா?"

ஷெவ்கெத் அவனறிந்த வரையில் விளக்கினான். விசையை நாம்தான் ஒவ்வொரு முறையும் இழுக்க வேண்டும், அடுத்த தோட்டாவை அது ஏற்றிக்கொள்ளும், அதனால்தான் அரை. ரெம்ஸி பரிவோடு கேட்டார். பிறகு ஓட்டுக்கடை அளவுநாடாவை எடுத்து, துப்பாக்கியை அளந்து, சரி பாதியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"பூட்டு கோட்டுக்குப் பின்னால வருது. ஆக, பின்பாதி ஆட்டோமேட்டிக்."

"அப்ப முன்பாதி?" என்றார் தலைவர்.

"அது சும்மா கூட வருது, தலைவரே."

நெஜ்மி அதையும் எழுதிக்கொண்டார். அரைத் தானியங்கி வைத்திருப்பவர்கள் ஆண்டுக் கூட்டத்தில் வாக்களிக்கும்போது கையை முழங்கை வரைக்கும் மட்டும் தூக்க வேண்டும் என்று ஒரு துணைவிதியும் அன்றே நிறைவேறியது.

வெள்ளிக்கிழமை சவரத்தின்போது ஷெவ்கெத் இதை துர்சுனிடம் சொன்னான், சிரிக்க வைக்கலாமே என்று. துர்சுன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு வலது கை விரலை நெற்றி நடுவில் வைத்து, மூக்கு வழியாக, தாடை வழியாக, மார்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்தான். வலப் பக்கத்தைத் தட்டிக்காட்டினான். பிறகு மடியில் கிடந்த இடது கையை எடுத்துக் காட்டினான்.

"கூட... வருது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஷெவ்கெத் கன்னத்தை விட்டுக் கத்தியை எடுத்துத் தண்ணீரில் வெகுநேரம் கழுவினான்.

மூன்றாம் செவ்வாய் வலியைப் பற்றியது. விண்ணப்பத்தில் 'உதை குறைவு' என்று ஷெவ்கெத் எழுதியிருந்ததைத் தலைவர் சிவப்பு மையால் சுழித்திருந்தார். எழுந்து நின்று பேசினார்.

"ஷெவ்கெத், நீங்க ரொட்டி சுடறவரு. உங்களுக்குத் தெரிய நியாயமில்ல. துப்பாக்கிக்கு அழகே உதைதான். உதைச்சாத்தான் மனுசன் யோசிப்பான். உதைக்காத துப்பாக்கி ஒழுங்கைக் கெடுத்துரும். நாப்பது வருஷமா என்கிட்ட துப்பாக்கி இருக்கு. இன்னிக்கு வரைக்கும் என் தோள்ல ஒரு சின்னக் காயம் காட்ட முடியுமா உங்களால? முடியாது. ஏன்? நான் ஒரு தோட்டாகூட வீணாக்கினது கிடையாது. வாங்கினப்ப எத்தனை இருந்துச்சோ அத்தனையும் பெட்டியில அப்படியே இருக்கு."

ரெம்ஸி கைதட்டினார். கதவருகில் ஹிதிர் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தான். ஷெவ்கெத்தின் கண்ணைப் பார்த்துவிட்டுத் தேநீர்த் தட்டுக்குக் குனிந்துகொண்டான்.

நாலாம் செவ்வாய் அடைகட்டையைப் பற்றியது. அரைத் தானியங்கியில், குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாக நிற்கிற குழாய் ஒன்று உண்டு. அதில் இரண்டுக்கு மேல் போகாதபடி ஒரு மரக்குச்சியைச் சொருகி வைக்க வேண்டும் என்பது நாட்டுச் சட்டம், நல்ல சட்டம். பறவைக்கும் தப்பிக்க ஒரு வழி வேண்டுமே. உஸ்தா அதைச் சொருகித்தான் கொடுத்திருந்தார்.

"அடைகட்டை எங்க?" என்றார் நெஜ்மி.

"உள்ள இருக்குங்க."

"விதி பதினேழு: அடைகட்டையை வாரியத்தின் முன் கையில் காட்ட வேண்டும்."

ஷெவ்கெத் குழாயைத் திருகித் திறந்து குச்சியை எடுத்துக் காட்டினான்.

"விதி பதினெட்டு: வாரியத்தின் முன் வைக்கப்படும்போது அடைகட்டை துப்பாக்கிக்குள் இருக்க வேண்டும்."

ஷெவ்கெத் உள்ளே போட்டான்.

"இப்பக் கையில எங்க?"

ஷெவ்கெத் மறுபடியும் வெளியே எடுத்தான். மூன்று தடவை இப்படி நடந்தது. ரெம்ஸிக்கே மனசு இளகிவிட்டது. "ரெண்டு கட்டை செஞ்சுக்கிட்டு வாங்க. ஒண்ணு உள்ள, ஒண்ணு கையில. யார் வேண்டாங்கறா?"

அடுத்த செவ்வாய் ஷெவ்கெத் இரண்டு கட்டையோடு போனான். ஒன்றை உள்ளே காட்டினான், ஒன்றைக் கையில் காட்டினான். முதல் தடவையாக முத்திரை நெஜ்மியின் மார்பிலிருந்து மேசைக்கு இறங்கியது. அப்போது தலைவர் கேட்டார்: "கூடுதல் உதிரி உறுப்பு எல்லாம் துப்பாக்கியோட சேர்த்துத்தான் வச்சிருக்கணும்னு விதி இருபத்தொண்ணு சொல்லுதே. சேர்த்துன்னா?"

"சேர்த்துன்னா உள்ளதான்," என்றார் ரெம்ஸி.

இரண்டாவது கட்டையும் குழாய்க்குள் போனது. குழாய் நிறைந்துவிட்டது. நெஜ்மி ஒரு மாதிரித் தோட்டாவை வைத்து அமுக்கிப் பார்த்தார். நுழையவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டி, 'கொள்ளளவு' என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதினார்.

அது அக்டோபரின் கடைசிக்கு முந்திய செவ்வாய். அய்செலின் கார் வர ஆறு நாள் இருந்தது. ஷெவ்கெத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"தலைவரே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இது எனக்காக மட்டும் இல்ல. துர்சுன உங்களுக்குத் தெரியும். அந்தப் பொறிய மலை மேல இழுத்துட்டு வந்தவன். திங்கக்கிழமை ஊர விட்டுப் போறான். திரும்ப வர்றது ஆண்டவன் கையில இருக்கு. ஒரே ஒரு தட்டு. ஒண்ணே ஒண்ணு அவன் முன்னால பறந்தாப் போதும்."

முஹித்தின் கெட்டவரில்லை. அவருக்குக் கண்கூடக் கலங்கியது. கோப்பையை ஆரஞ்சுத் தட்டின் மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"துர்சுன் நம்ம கழகத்தோட சொத்து. அவருக்காக நான் என்ன வேணாச் செய்வேன், தட்டைத் தவிர. பதினோரு வருஷமா இந்த மைதானத்துல ஒரு தட்டுகூட உடையல. இந்த மாகாணத்துல வேற எந்தக் கழகம் இப்படிச் சொல்ல முடியும்? பக்கத்து மாகாணத்துல வாரத்துக்கு எரநூறு தட்டை உடைச்சுத் தள்றாங்களாம், பொறுப்பே இல்லாம. இந்தப் பதினோரு வருஷமா நம்ம வாரியத்தால ஒருத்தர்கூடத் தப்பான துப்பாக்கியத் தேர்ந்தெடுக்கல. ஏன்னா ஒருத்தரையும் தேர்ந்தெடுக்க விடல. இவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாத்தினதை ஒரு நோயாளிக்காக உடைக்கச் சொல்றது துர்சுனுக்கே பிடிக்காது. அவருக்கு என் அன்பைச் சொல்லுங்க."

பிறகு தீர்ப்பு வாசிக்கப்பட்டது. கொள்ளளவு பூஜ்யம் ஆனதால் இது தானியங்கியும் இல்லை, அரைத் தானியங்கியும் இல்லை. தோட்டா கொள்ளாததைத் துப்பாக்கி என்று பதியவும் இயலாது. மறு வகைப்பாடு வரும் வரை கழகப் பதிவேடுகளில் இப்பொருள் 'தடி' என்று குறிக்கப்படும். முத்திரை விழுந்தது.

ஷெவ்கெத் தடியையும் தாளையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினான். மனசுக்குள் கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. துர்சுனின் விரல் வரைந்த அந்த வளைவுதான் கண் முன்னால் வந்து வந்து போனது. பட்டறையில் சாலிஹ் உஸ்தா தாளைப் படித்தார். துப்பாக்கியின் வலப்பக்க ஜன்னலைத் திறந்து, உள்ளே சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"கீழ இருக்கிற குழாயத்தான் அடைச்சிருக்காங்க. தொண்டைய அடைக்கல. ஒண்ணு ஒண்ணாப் போட்டா இது பாட்டுக்குச் சுடும்." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா உள்ள விட மாட்டாங்களே."

வியாழக்கிழமை மாலை ஹிதிர் ரொட்டிக்கடைக்கு வந்தான். அவன் வியாழன்தோறும் வருவான், கூடைப் பக்கமாக. ஷெவ்கெத் வழக்கம்போல அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கூடையில் காகிதம் சரசரக்கும் சத்தம் கேட்டது. பிறகு வழக்கமில்லாமல் குரலும் கேட்டது.

"ஷெவ்கெத் அண்ணே, திரும்பாதீங்க. அப்படியே கேளுங்க."

"சொல்லு ஹிதிர்."

"நாலு வருஷமா நீங்க அடுப்பையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டீங்களா?"

ஷெவ்கெத் அடுப்புக் கதவைத் திறந்து மூடினான்.

"ஞாயித்துக்கெழமை காலைத் தொழுகை முடிஞ்சதும் துர்சுன் அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. நான் வாசல்ல இருப்பேன். பதிவேடு எழுதறது நான்தான். புதுத் துப்பாக்கிக்குத்தான் தடை. தடிக்கு எந்த விதியும் கெடையாது, எல்லா விதியையும் நான் படிச்சிட்டேன். காலு வராதவங்க தடி ஊனிக்கிட்டுத்தான் வருவாங்க, அதுல என்ன இருக்கு?"

"தட்டு?"

"அது இரும்புக் கதவுக்குள்ள இருக்குறதுல ஒண்ணையும் தொட மாட்டேன் அண்ணே. தொட்டா என் வேலை போயிரும், அது போனா என் பிள்ளைங்க. அதுவும் தவிர, அது பொய்க் கணக்கு ஆயிரும். ஆனா நான் டீ குடுக்கறது இருக்கே, அது எந்தக் கணக்குலயும் இல்ல. வந்தே சேரல."

ஞாயிற்றுக்கிழமை வெயில் மலை விளிம்பில் தலை நீட்டியபோது ஷெவ்கெத்தின் ரொட்டி வண்டி மைதானத்து வாசலில் நின்றது. ஹிதிர் பேனாவோடு தயாராக இருந்தான். அவன் எழுதியது இது: 'வருகை மூவர், ஒருவர் பெண். தடி இரண்டு. தவிட்டு மூட்டை ஒன்று.' துர்சுன் ஊன்றி வந்த தடி ஒன்று, வாரியம் பெயரிட்ட தடி ஒன்று; அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

துர்சுனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவனுக்கு முன்னால் ஒரு மேசை, மேசை மேல் பாதி நிறைந்த தவிட்டு மூட்டை. துப்பாக்கியின் முன்பாதி, சும்மா கூட வருகிற பாதி, மூட்டையின் பள்ளத்தில் குழந்தைபோலப் படுத்துக்கொண்டது. ஜெமிலே அவன் காதுகளில் பஞ்சு வைத்தாள். ஷெவ்கெத் பின்னால் நின்று அவன் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டான். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. உதை அதிகமாக இருந்தால்? மறுபடியும் சாய்ந்துவிட்டால்? இவ்வளவுக்கும் பிறகு தவறு என்னுடையதாக இருந்துவிட்டால்?

"பிஸ்மில்லா," என்றான். தோட்டாவைப் போட்டுப் பொத்தானை அமுக்கினான்.

துர்சுன் மூச்சை இழுத்தான். "எறி!"

பதினொரு வருடம் எண்ணெய் மட்டும் குடித்திருந்த பொறி ஒரு தடவை முனகிவிட்டு எறிந்தது. ஆரஞ்சுத் தட்டு காலை வெளிச்சத்தில் நேராக எழுந்து போனது. டப். தட்டு தன் பாட்டுக்குப் போய், சரிவில் இறங்கி, கல்லில் மோதி உடைந்தது. துர்சுனின் தோள் ஷெவ்கெத்தின் கையில் லேசாக அசைந்தது, அவ்வளவுதான்.

"பட்டுருச்சு!" என்று கத்தினான் ஹிதிர், பொறிக் குழியிலிருந்து. அவன் வாய்க்குப் பழகிய வார்த்தை அது.

துர்சுன் மெல்லத் திரும்பினான். "படல."

"லேசாப் பட்ட மாதிரித்தான்..." என்றான் ஷெவ்கெத்.

"படல," என்றான் துர்சுன். முகத்தின் வலப் பக்கம் முழுக்கச் சிரிப்பு. ஏழு மாதமாக எல்லோரும் அவனிடம் எல்லாம் சரியாகிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். "படல. இன்னொண்ணு."

ஹிதிரிடம் பதினான்கு தேநீர்த் தட்டுகள் இருந்தன. அவன் கொண்டுவந்தது ஒன்று. ஒரு நிமிடம் குழிக்குள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு அலுவலகத்தைப் பார்த்து ஓடினான்.

இரண்டாவதும் படவில்லை. மூன்றாவதும். நாலாவதில் ஷெவ்கெத் தோட்டாவைப் போடக் குனிந்தபோது துர்சுன் அவன் கையை விலக்கினான். பூட்டு திறந்து நின்றது. வலது கையால் அவனே மேசையிலிருந்து தோட்டாவை எடுத்தான். தவறி விழுந்தது. ஜெமிலே எடுத்து மேசையில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. அவன் மறுபடியும் எடுத்தான். ஜன்னலில் போட்டான். கட்டைவிரலால் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அமுக்கினான். சளக்.

"பாத்தியா?" என்றான் துர்சுன்.

"பாத்தேன்டா," என்றான் ஷெவ்கெத்.

ஒன்பதாவது தட்டு எழுந்தது. துர்சுன் அவசரப்படவில்லை. டப். நடு ஆகாயத்தில் அது ஆரஞ்சுப் பொடியாகச் சிதறி, வெயிலில் ஒரு கணம் நின்று, புல் மேல் இறங்கியது. யாரும் கத்தவில்லை. ஹிதிர்கூடக் கத்தவில்லை. ஜெமிலே தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். மிச்சமிருந்த ஐந்தையும் ஏன் சுட்டார்கள் என்று கேட்டால் தெரியாது; துர்சுன் கேட்டான், அதனால். அதில் ஒன்று பட்டது.

பிறகு ஷெவ்கெத் புல்லில் இறங்கித் தேடினான். ஒன்பதாவதின் துண்டுகளில் பெரியதாக இரண்டை எடுத்தான். ஒன்றை துர்சுனின் சட்டைப் பையில் வைத்தான்.

திங்கட்கிழமை கார் வந்தது. அய்செல் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, இடது கையை எடுத்து மடி மேல் ஒழுங்காக வைத்தாள். ஷெவ்கெத் வழிக்கு ஆறு ரொட்டி கொடுத்தான். கார் வளைவில் திரும்பும் வரைக்கும் கண்ணாடிக்குள் ஒரு கை அசைந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை கழகத்தின் ஆண்டுக் கூட்டம். மண்டபம் நிறைந்திருந்தது. ஹிதிர் தேநீர் கொண்டுவந்தான். கோப்பைகளுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கொதிக்கிற கண்ணாடியை விரல் நுனியில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேசை முழுக்கப் பதிவேடுகள். வைத்தால் ஈர வட்டம் விழும்.

"ஹிதிர், டீத்தட்டு எங்க?"

"எந்தத் தட்டுங்க தலைவரே? நெஜ்மி அண்ணன் பதிவேட்டுல பாத்துச் சொல்லட்டும், தேடித் தர்றேன்."

நெஜ்மி பதிவேட்டைப் புரட்டினார். இந்தப் பக்கம் புரட்டினார், அந்தப் பக்கம் புரட்டினார். "நம்மகிட்ட டீத்தட்டே கெடையாது தலைவரே," என்றார் கடைசியில், கொஞ்சம் கலவரத்தோடு. "எப்பவும் இருந்ததே இல்ல."

முஹித்தின் வெகுநேரம் யோசித்தார். பதிவேடு தவறாக இருக்க வழியில்லை. கோப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அறிக்கை வாசிக்க எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இடி இடித்தும் மழை வராமல் போனதற்கு வருத்தம் தெரிவித்தார். ஒரு தடி மறு வகைப்பாட்டுக்குக் காத்திருப்பதைச் சொன்னார். பிறகு குரலை உயர்த்தினார்.

"இந்த ஆண்டும், பன்னிரண்டாவது ஆண்டா, கழகப் பதிவேட்டின்படி நம்ம மைதானத்துல ஒரே ஒரு தட்டுகூட உடையல!"

மண்டபம் அதிர்ந்தது. ரெம்ஸி எழுந்து நின்றே கைதட்டினார். கதவோரம் ஹிதிர் அடுப்பில்லாத சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான். ஷெவ்கெத்துக்கும் கைதட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது. விரல்கள் அங்கே ஒரு ஆரஞ்சுத் துண்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தன. இடது கை மட்டும் மடியில், கூட வந்ததாக, கிடந்தது.